பலகைக்கு அடியில் தட்டிய கை

அத்தியாயம் 14

பார்சல் வண்டி புத்தகக் கட்டுகளை இறக்கிவிட்டுப் போனதையும், பிலோமினா அதில் ஒன்றைக்கூடப் புரட்டிப் பார்க்க மறுத்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தம்பி ஜாய்சனைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போய்விட்டுத் திரும்பிய தோணி ஒன்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன் மூழ்கியது. அதில் பண்டாரியாக, அதாவது சமையல்காரனாக, இருந்த ஜாய்சன் மட்டும் கரைக்கு வரவில்லை. மற்றவர்களைச் சின்னப் படகில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர் தோணியின் தலைவரான தண்டல். அந்தத் தண்டல்தான் பிலோமினாவின் கணவர் பாஸ்கல்.

அவர்களுடைய ஒரே மகள் விஜிலா. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள், நாடகக் குழு ஒன்றையும் நடத்துகிறாள். மாமாவின் சாவை மனத்தில் வைத்து அவள் எழுதிய நாடகம்தான் 'பண்டாரி'. 'பண்டாரி முதலிய நாடகங்கள்' என்று இப்போது அது புத்தகமாகவும் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் வெளியீடு. கையோடு நாடகமும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

*

காலைப் பூசை முடிந்து அம்மாவும் மகளும் வீட்டுக்குள் நுழைந்தபோது பாஸ்கல் நடுவீட்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் பூசைக்கு வரவில்லை. நேற்று மாலை மகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புத்தகம் அவர் எதிரில் குப்புறக் கிடந்தது.

பிலோமினா குசினிக்குள் போனாள். விஜிலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். புத்தகத்தின் முன்னுரை முழுக்க அவரைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவர் தெருவின் வாசாப்பு நாடகங்களில் ராஜா வேஷம் கட்டியவர். புனிதர்களின் கதையைப் பாட்டும் வசனமுமாக விடிய விடிய நடத்துவார்கள். வேதக்காரர்களைச் சிறையில் தள்ளும் கொடுங்கோல் ராஜாவாக பாஸ்கல் வந்து நின்றால் முன்வரிசைக் குழந்தைகள் அழும். விஜிலா நாடகம் கற்றுக்கொண்டது அந்தத் திரைக்குப் பின்னால்தான்.

"முன்னுரை படிச்சியளாப்பா?"

"படிச்சேன்."

"ஒங்க கிரீடம் கழண்டு சாமியார் மடியில போயி விழுந்த கதைய எழுதியிருக்கேன் பாத்தியளா?"

பாஸ்கல் சிரிக்கவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"மூணாவது காட்சிய எடுத்துரு," என்றார்.

"என்னப்பா சொல்லுதிய?"

"இன்னைக்கு மேடையில அது வேண்டாம். ரெண்டாவதோட முடிச்சிரு."

"அதுதானப்பா நாடகமே. அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

அவர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உள்ளே தேங்காய் திருகும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அத ஒனக்கு யாரு சொன்னா?"

"எத?"

"தட்டுத சத்தத்த."

விஜிலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாவது காட்சி முழுக்க அவள் கற்பனை. முதலில் எழுதியபோது, ஊரில் எல்லோரும் சொன்னபடி, தோணி புயலில்தான் மூழ்கியது. ஆனால் சின்ன மேடையில் புயலை எப்படிக் காட்டுவது? ஒத்திகையில் யார் கத்தினாலும் சிரிப்புத்தான் வந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை தோன்றியது. பழைய தோணிகளை வேண்டுமென்றே முக்கிவிட்டு இன்சூரன்ஸ் கேட்பார்கள் என்று கடற்கரையில் பொதுவாக ஒரு பேச்சு உண்டு. அதை எடுத்துக்கொண்டாள். இரண்டாவது காட்சியில் எஞ்சின் டிரைவர் அடிப்பலகையைத் திறந்து தண்ணீரை உள்ளே விடுகிறான். மூன்றாவதில் பண்டாரி அதைப் பார்த்துவிடுகிறான், கரைக்குப் போனதும் சொல்லிவிடுவேன் என்கிறான், ஓட்டையை அடைக்கச் சரக்கறைக்குள் இறங்குகிறான். டிரைவர் சரக்கறை மூடியைப் போட்டு அடைத்துவிடுகிறான். உள்ளிருந்து தட்டும் சத்தம். 'காத்துச் சத்தம்லே, வா போவோம்' என்று சொல்லிவிட்டுத் தண்டல் படகில் ஏறுகிறார். அவ்வளவுதான்.

"யாரும் சொல்லலப்பா. மேடைக்கு ஒரு சத்தம் வேணும்னு இருந்துச்சு. நானா எழுதுனேன்."

"நீயாவா?"

"சத்தியமா."

பாஸ்கல் மகளின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடியும் முகத்தைத் துடைத்தார்.

பிலோமினா தட்டில் இட்லியோடு வந்தாள். "அப்பனும் மகளும் என்ன ரகசியம் பேசுதிய?"

"ஒண்ணுமில்ல. மண்டபத்துக்கு எத்தன மணிக்குப் போவணும்னு கேட்டேன்," என்றார் பாஸ்கல்.

விஜிலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அம்மாவிடம் அப்பா இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்லி அவள் அதுவரை பார்த்ததில்லை.

*

இட்லி ஆறுவதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. கஸ்பார் இறங்கினார்.

மூழ்கிய தோணி அவருடையதுதான். இப்போது அவருக்குத் தோணிகளோடு லாரிகளும் கண்டெய்னர் யார்டும் இருந்தன. பங்குப் பேரவையின் தலைவரும் அவரே. மண்டபத்தில் எந்தப் புத்தகம் வெளிவந்தாலும் அவர் கையால்தான் வெளிவரும். வெளியிட மண்டபக் கமிட்டிக்காரர்கள் அவர் பெயரைச் சொன்னபோது விஜிலா சற்றுத் தயங்கினாள். நாடகத்தில் ஊர் வேறு, பெயர்கள் வேறு. முதலாளி என்று ஒரு பாத்திரமே கிடையாது; 'மேல இருந்து சொல்லியாச்சு' என்று ஒரே ஒரு வசனம். தவிர, இந்தக் கமிட்டியில் வெளியீட்டுக்கு முன்னால் யாரும் புத்தகத்தைத் திறந்து படிப்பதில்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க மொதலாளி," என்று பிலோமினா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். பாஸ்கல் எழுந்து நின்றார், உட்காரவில்லை.

"புஸ்தகம் படிச்சேன் பிள்ள," என்றார் கஸ்பார், டீ டம்ளரை வாங்கிக்கொண்டே. "எனக்குத் தொழில் தெரியும், நாடகம் தெரியாது. ஆனா படிக்கையில எல்லாம் கண்ணு முன்னால நடக்குத மாதிரில்லா இருந்துச்சு."

"நன்றி ஐயா."

"அந்த மூணாவது காட்சி." ஒரு வாய் குடித்தார். "அத ஒனக்கு யாரு சொன்னா?"

சற்று முன் அப்பா கேட்ட அதே கேள்வி. விஜிலா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லல ஐயா. கற்பனை."

"கற்பனை." கஸ்பார் அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு ருசி பார்ப்பது போல மெல்லச் சொன்னார். "கற்பனைன்னா வேற மாதிரியும் பண்ணலாம்லா. அலையடிச்சிக் கொண்டு போயிட்டுன்னு எழுதுனா யாருக்கும் சங்கடமில்ல. ஒங்கம்மாவுக்கும் மனசு ஆறும்."

"மாத்த நேரமில்ல ஐயா."

"இருக்கட்டும் இருக்கட்டும். நாடகக்காரங்க இஷ்டம்." டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். போகிற போக்கில் நினைவு வந்தவர் போலப் பிலோமினாவிடம் திரும்பினார். "காலேஜிலருந்து தெனமும் ஸ்கூட்டர்ல தனியாத்தான வாரா? அந்த ரோட்டுல லாரியெல்லாம் கண்ணு மண்ணு தெரியாம வருது. கவனமா வரச் சொல்லு."

"நல்லாச் சொல்லுங்க மொதலாளி. நான் சொன்னா எங்க கேக்கா?" என்றாள் பிலோமினா, அக்கறையாகச் சொல்கிறாரே என்ற நன்றியோடு.

அந்த ரோட்டில் ஓடும் லாரிகளில் பாதி கஸ்பாருடையவை.

வாசல் வரை போனாள் விஜிலா. காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தவர் ஜெஸ்டின். முன்பு தோணியில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். மூழ்கிய தோணியிலிருந்து அப்பாவோடு படகேறி வந்தவர்களில் ஒருவர். அதற்குப் பிறகு கடலுக்கே போகவில்லை. கஸ்பாரின் கார்தான் அவருக்கு வேலை. விஜிலா சிரித்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார் தெருமுனை திரும்பியதும் அவள் வீட்டுக்குள் ஓடினாள். அப்பாவின் சட்டை கொடியில் இல்லை. பின்வாசல் வழியாக வெளியே போயிருந்தார்.

*

மதியம் மண்டபத்தில் இசக்கிசெல்வி மேடைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள். தபாலாபீசில் வேலை, குழுவில் ஒலியும் ஒளியும் அவள் பொறுப்பு. படகு கட்டும் இடத்தில் இரவல் வாங்கிய கனத்த பலகைகளை மேடைமேல் தோணித் தளம் போல அடுக்கி, கீழே ஒரு ஆள் ஊர்ந்துபோக இடம் விட்டிருந்தார்கள். அங்கே படுத்துக்கொண்டு மரச்சுத்தியால் தட்டுவது அவள்தான்.

"அக்கா, நம்ம பொஸ்தகம் எங்க?"

"இங்கன ரூம்லதான நேத்து எறக்கி வச்சோம்?"

"காலியா இருக்குக்கா."

விஜிலா போய்ப் பார்த்தாள். அறையில் கட்டு கட்டிய சணல் கயிறு ஒன்றுதான் கிடந்தது. மண்டபக் காவலாளி தலையைச் சொறிந்தார். "கஸ்பார் ஐயா ஆளுக வந்து லாரியில ஏத்திட்டுப் போனாவ டீச்சர். எல்லாத்தையும் அவரே எடுத்து லைப்ரரிகளுக்குக் குடுக்கப் போறதா சொன்னாவ. நல்ல காரியந்தானன்னு விட்டுட்டேன்."

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. தண்டலாக நடிக்கும் பாண்டியராஜன்.

"விஜிலா, நான் வரல."

"என்னண்ணே வெளையாடுதியளா? இன்னும் கொஞ்ச நேரத்துல ஆளு வந்துருவாங்க."

"எங்க மாமனாருக்கு யார்டுல காண்ட்ராக்ட் ஓடுது. காலையில அவரக் கூப்பிட்டுப் பேசியிருக்காவ. அவரு வந்து எம்புள்ளய மடியில வச்சிட்டு அழுதாரு. இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுங் கேக்காத. மன்னிச்சிரு."

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

புத்தகம் இல்லாத புத்தக வெளியீடு. தண்டல் இல்லாத தோணி. விஜிலா மேடைப் படியில் உட்கார்ந்தாள். கற்பனை என்று அவள் நினைத்த ஒன்றுக்காக ஊரில் ஒரு பெரிய மனிதர் காலையிலிருந்து இத்தனை வேலை செய்திருக்கிறார். கற்பனைக்கு யாராவது இவ்வளவு பயப்படுவார்களா?

அந்தக் கேள்வியின் மறுபாதியை நினைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. அப்பா ஏன் பயந்தார்?

"நிறுத்திருவமாக்கா?" என்றாள் இசக்கிசெல்வி.

"இல்ல. நான் பொஸ்தகத்தக் கையில வச்சிட்டுத் தண்டல் வசனத்தப் படிக்கேன். ஆளு வரட்டும், நடத்துவோம்."

"கையிலதான் பொஸ்தகம் ஒண்ணுகூட இல்லயே."

"இங்க ஒண்ணு இருக்கு," என்று ஒரு குரல் கேட்டது.

பக்கவாட்டுக் கதவருகே பாஸ்கல் நின்றிருந்தார். கையில் மகள் கையெழுத்திட்ட புத்தகம். சட்டை வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. கடற்கரை நெடுக நடந்துவிட்டு வந்திருப்பார் போல, வேட்டி ஓரமெல்லாம் மணல்.

"பாண்டி வரலையாம்லா? நான் போடுதேன்."

"அப்பா..."

"வசனம் மனசுல இருக்கு."

அவர் ஒப்பனை அறைக்குள் போய்க் கண்ணாடி முன் உட்கார்ந்தார். முகத்தில் எண்ணெய் தடவிக்கொண்டு முத்துவெள்ளையைக் குழைத்தார். அவர் விரல்கள் பழைய பழக்கத்தில் தானாக வேலை செய்தன. விஜிலா கதவோரம் நின்று பார்த்தாள். மேடையில் ஏறி மூன்றாவது காட்சியை விழுங்கிவிடப் போகிறார், அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

"மூணாவது காட்சி எப்படிப்பா?"

"பொஸ்தகத்துல உள்ளபடி."

"எங்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. ஜாய்சன் மாமா..."

"விஜி." கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தார். "இப்பக் கேக்காத. கேட்டா எந்திரிச்சிப் போயிருவேன். பெறவு எப்பவும் வர மாட்டேன்."

அவள் கேட்கவில்லை. வாசலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது.

*

வெளியீடு நாலு வார்த்தையில் முடிந்தது. மேடையில் இருந்த ஒரே பிரதி பாஸ்கலின் பிரதிதான். கஸ்பார் அதைத் தூக்கிக் காட்டி, கடற்கரையின் மேடைக் கலைக்கு இந்தப் புத்தகம் பெருமை சேர்க்கும் என்றார். கைதட்டல் எழுந்தது. மாலையை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். பாண்டியராஜன் வரமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். வேறு ஒருவர் வேஷம் கட்டியிருப்பது தெரியாது. அவர் முகத்தில் நிம்மதி இருந்தது.

அவருக்கு நாலு நாற்காலி தள்ளி பிலோமினா. நீலப் பட்டுச்சேலை, மடியில் கைப்பை. மகள் கெஞ்சிக் கேட்டதால் வந்தவள்.

திரை விலகியது. தண்டலாக பாஸ்கல் வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "ஏலே, நம்ம ராஜா பாஸ்கலுலே!" என்று யாரோ கத்தினார்கள். பழைய ஆட்கள் விசில் அடித்தார்கள். கஸ்பாரின் கை மடியிலிருந்த மாலையை இறுக்கியது.

முதல் காட்சி சிரிப்பாகப் போனது. பண்டாரி குழம்பில் உப்பை மறந்துவிட்டு, கடல் தண்ணியில் பொங்கினேன், தனியாக உப்பு எதற்கு என்று வம்பு பேசுவான். ஜாய்சன் பேசுவது போலவே எழுதியிருந்தாள் விஜிலா. பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவைப் பார்த்தாள். பிலோமினா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீரும் வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது காட்சியில் டிரைவர் அடிப்பலகையைத் திறந்தான். 'மேல இருந்து சொல்லியாச்சு' என்றான். சிரிப்பு நின்றது. சிலர் கஸ்பார் இருந்த பக்கம் மெல்லத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது காட்சி.

பண்டாரி சாக்குகளை அள்ளிக்கொண்டு சரக்கறைக்குள் இறங்கினான். டிரைவர் மூடியைத் தள்ளி மூடிக் கம்பியைச் செருகினான். மேடையில் வெளிச்சம் குறைந்தது. பலகைக்கு அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது.

தண்டல் திரும்பிப் பார்க்க வேண்டும். 'காத்துச் சத்தம்லே, வா போவோம்' என்று சொல்ல வேண்டும். பாஸ்கல் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தது. வசனம் வரவில்லை.

வசனம் வந்தால்தான் இசக்கிசெல்வி நிறுத்துவாள். வராததால் தட்டிக்கொண்டே இருந்தாள். படகில் ஏற வேண்டிய டிரைவர் நடிகர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். மண்டபத்தில் மின்விசிறிகளின் சத்தமும் அந்தத் தட்டலும் மட்டும்தான்.

பாஸ்கலின் முகத்தில் முத்துவெள்ளை கரைந்து வழிந்தது. முழங்காலில் விழுந்தார். இரண்டு கைகளையும் மூடிமேல் வைத்தார்.

"காத்து இல்ல," என்றார். "அது காத்து இல்ல. எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்." பலகையோடு முகத்தை வைத்தார். "ஜாய்சா."

நாடகத்தில் பண்டாரியின் பெயர் அதுவல்ல. மேடைக்கு அடியில் சுத்தி நின்றது.

"லைட்ட அணை!" கஸ்பார் எழுந்துவிட்டார். "மைக்க அணைலே! அவருக்கு மேலுக்குச் சரியில்ல, தெரியலையா?"

யாரும் அணைக்கவில்லை. யாரும் அசையவுமில்லை. அசைந்தவள் பிலோமினா ஒருத்திதான். எழுந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மேடைப் படியில் ஏறினாள். வெளிச்சத்துக்குள் வந்து, மண்டியிட்டிருந்த கணவரின் முன் நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க' என்பதைத் தவிர அவரை வேறெப்படியும் கூப்பிட்டறியாதவள் இப்போது கூப்பிட்டாள்.

"தண்டலே."

பாஸ்கல் தலையைத் தூக்கவில்லை.

"என் தம்பி எவ்வளவு நேரம் தட்டுனான்?"

"பிலோமி..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"கயித்த அவுத்து, படகுல ஏறி, துடுப்புப் போட்ட பெறவும் கேட்டுது."

"பெறவு?"

"பெறவு தண்ணிச் சத்தந்தான்."

"கூப்பிட்டானா?"

பாஸ்கல் மூடியிலிருந்து கைகளை எடுத்தார். பிறகு சொன்னார். "கடல்ல அவன் எப்பவும் என்னையத் தண்டல்னுதான் கூப்பிடுவான். அன்னைக்கு அத்தான்னான்."

பிலோமினா அழவில்லை. மூடியில் செருகியிருந்த கம்பியைக் குனிந்து உருவினாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே பதுங்கியிருந்த பண்டாரி நடிகர், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு சாதுவான மனிதர், பயந்துபோய் அவளைப் பார்த்தார். "வெளிய வாங்க தம்பி," என்று கைகொடுத்து ஏற்றிவிட்டாள்.

*

மண்டபத்துக்கு வெளியே இன்னும் நல்ல வெயில். கூட்டம் கலைய மனமில்லாமல் மரத்தடிகளில் நின்றது. பாஸ்கல் வெளியே வந்ததும் விலகி வழிவிட்டது. வேஷத்தைக் கலைக்காமலே வந்தார். வெள்ளை வழிந்த முகமும் தண்டலின் தலைப்பாகையுமாக ரோட்டோரம் நின்ற ஆட்டோவைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"எங்கப்பா?" என்று ஓடிவந்தாள் விஜிலா.

"போலீஸ் ஸ்டேஷனுக்கு. மேடையில சொன்னா நடிப்புன்னு சொல்லிருவாவ. அங்கன போயி எழுதிக் குடுக்கணும்."

அவர் ஏறும்போது பின்னாலேயே பிலோமினாவும் வந்தாள்.

"நீ எதுக்குளா?"

"நீங்க பாதி வழியில எறங்கிருவிய. அதுக்குத்தான் வாரேன்."

ஏறி அவருக்கு எதிர் ஓரமாக, சேலை அவர் மேல் படாமல் ஒதுங்கி உட்கார்ந்தாள். மகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆட்டோ கிளம்பியது.

சற்று நேரத்தில் கஸ்பாரின் காரும் கிளம்பி, அதே ரோட்டில், அதே பக்கம் திரும்பியது. ஓட்டியவர் கஸ்பார். விஜிலா அதைக் கவனித்தாள். அப்படியென்றால் ஜெஸ்டின்?

அவர் கேட்டருகே சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். கார்ச் சாவியை முதலாளி அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். உள்ளங்கையில் கீறி ரத்தம் கசிந்திருந்தது. விஜிலா அவரைக் கடந்து ஸ்கூட்டரை எடுக்கப் போனாள்.

"டீச்சர்."

நின்றாள்.

"மூடியப் போட்டது நாந்தான்," என்றார் ஜெஸ்டின். "நீங்க எழுதுனது அச்சு அசலு அப்படியே. மொதலாளி பொஸ்தகத்த ஒருத்தர வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்."

"அத ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க."

"சொல்லுவேன். ஆனா ஒங்கப்பா முழுசாச் சொல்லுவாரான்னுதான் பாக்கேன். மேடையில பாதிதான சொன்னாரு."

"எது பாதி?"

"மூடச் சொன்னது யாருன்னு சொன்னாரா?"

"கஸ்பார் ஐயா சொன்னதுதான. வேற யாரு?"

ஜெஸ்டின் தலையை ஆட்டினார். "மொதலாளி தோணிய முக்கத்தான் சொன்னாரு. ஆள முக்கச் சொல்லல. அவரு கரையில இருந்தாரு. கடல்ல தண்டல் வாயால சொல்லாம ஒரு டிரைவரு சரக்கறை மூடியில கை வைக்க மாட்டான் டீச்சர்."

விஜிலாவுக்கு வெயில் மங்கியது போல இருந்தது. ரோட்டைப் பார்த்தாள். ஆட்டோ எப்போதோ திரும்பி மறைந்திருந்தது. ஆட்டோவுக்குள் அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் கஸ்பாரின் கார்.

போனை எடுத்து அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி போனது.

அவளுக்குப் பின்னால், ஆளில்லாத மண்டபத்துக்குள், முதல் வரிசை நாற்காலியில் பிலோமினா மறந்துவிட்டுப் போன கைப்பைக்குள் அது அடித்துக்கொண்டிருந்தது.